ஆட்டோமேட்டிக் காருக்குப் புது ரேடியேட்டர்: ஆயில் லைனை இணைக்க எந்த வழி நல்லது?

ஆட்டோமேட்டிக் காரில் ரேடியேட்டர் மாற்றும்போது தண்ணீர் ஹோஸ் இரண்டையும் மாட்டுவதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. தகராறெல்லாம் கீழே வரும் மெல்லிய இரண்டு பைப்பில்தான். கியர்பாக்ஸில் சூடான ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்) ஒன்றில் வந்து, ரேடியேட்டர் டேங்குக்குள் இருக்கும் சின்னக் கூலரில் ஓடி, இன்னொன்றில் திரும்பிப் போகும். பழைய ரேடியேட்டரில் அந்தப் பைப்பை நட்டுப் போட்டு முடுக்கியிருப்பார்கள். வாங்கிவந்த புதியதில் மரை இல்லாமல் ஹோஸ் மாட்டும் வெறும் நிப்பிள் இருக்கும், அல்லது மரை இருந்தும் அளவு ஒத்துவராது. அங்கே ஆளுக்கொரு வழி சொல்வார்கள்.

ஏஎம்டி வண்டி, அதாவது மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் வகை, வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதில் இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும் கிடையாது, இந்த லைனும் கிடையாது. சில புது மாடல்களில் கூலர் கியர்பாக்ஸின் மேலேயே இருக்கும். அவற்றிலும் ரேடியேட்டருக்கு ஆயில் வராது.

நம் பக்கத்து ரோட்டில் இந்த இணைப்பை அலட்சியமாக விடக் கூடாது. சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது முன்னால் லோடு லாரி ஊர்ந்தால், டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் நழுவிக்கொண்டே இருக்கும். அந்த நழுவல் முழுக்கச் சூடாக ஆயிலில் இறங்கும். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் ஏறும்போதும் அப்படித்தான். அந்த நேரத்தில் ஒரு ஹோஸ் கழன்றால், பம்ப் நிற்காமல் ஆயிலை ரோட்டில் கொட்டும். சில நிமிடத்தில் கியர்பாக்ஸ் காலி. சூடான சைலன்சர் பைப்பில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

முதல் வழி, பழைய ரேடியேட்டரின் முனை அமைப்பு அப்படியே இருக்கும் ரேடியேட்டரையே தேடி வாங்குவது. என் ஓட்டு இதற்குத்தான். ஊரில் கிடைக்காவிட்டால் பெங்களூர் ஜே.சி. ரோடு கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தான். முனையை போட்டோ எடுத்து, மரையை வெர்னியரில் அளந்து அனுப்பிவிட்டால் பார்சலுக்குக் காத்திருப்பதோடு வேலை முடிந்தது. பைப்பை வெட்டவே வேண்டாம்.

ஆனால் சரியான ரேடியேட்டரையும் முடுக்கும்போது கெடுத்துவிட முடியும். நட்டைக் கையாலேயே நாலைந்து சுற்று ஓட்ட வேண்டும். கையில் ஓடாவிட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி போட வேண்டும். கடைசி முறுக்குக்கு இரண்டு ஸ்பேனர் கட்டாயம். ஒன்று ரேடியேட்டர் பக்கத்து யூனியனை அசையாமல் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரில் இழுத்தால் பிளாஸ்டிக் டேங்குக்குள் இருக்கும் கூலரும் சேர்ந்து முறுக்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. உள்ளே ஆயிலும் கூலண்டும் கலக்கத் தொடங்கும். ஃப்ளேர் நட்டில் வெள்ளை டேப் சுற்றும் பழக்கமும் வேண்டாம். அங்கே கசிவைத் தடுப்பது மரை அல்ல, விரிந்த பைப் முனை. பிய்ந்த டேப் துணுக்கு கியர்பாக்ஸுக்குள் ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடிக்குள் போய் அடைத்தால் செலவு எங்கோ போய்விடும். ஆயில் போக உள்ளே துளையுள்ள பேஞ்சோ போல்ட் வகையாக இருந்தால் வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

இரண்டாவது வழிதான் பட்டறையில் அதிகம் காதில் விழுவது: "பைப்பை வெட்டி ஹோஸ் போட்டு கிளிப் அடிச்சிடலாம்ணா." ரப்பர் என்றாலே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். எத்தனையோ கார்களில் கம்பெனியே இந்த இடத்தில் ஹோஸ்தான் போட்டு அனுப்புகிறது. பார்க்க வேண்டியது ஹோஸின் ரகமும் பைப்பின் முனையும்.

ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். அது கூலண்டைத் தாங்கும். ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். மீதமிருந்த துண்டை ஆயில் லைனில் மாட்டினால் முதல் நாள் நன்றாகத்தான் தெரியும். பெட்ரோல் ஹோஸ் ஆயிலுக்கு ஒத்துவரும், ஆனால் சூட்டுக்கு அதை நம்ப முடியாது. டிரான்ஸ்மிஷன் கூலருக்கென்றே செய்த ஹோஸில் எஸ்ஏஇ ஜே1532 என்ற எண் அச்சாகியிருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

வெட்டிய பைப் முனை வழவழப்பாக இருந்தால் எந்தக் கிளிப்பும் ஹோஸை நிறுத்தாது. சூட்டில் ரப்பர் இளகும், அழுத்தம் மெல்ல மெல்லத் தள்ளும், ஒரு ஏற்றத்தில் நழுவிவிடும். முனையைச் சுற்றி ஒரு சின்னப் புடைப்பு வேண்டும். ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக்கிடம் ஃப்ளேரிங் செட் இருக்கும். பிரேக் பைப் செட்டில் டபுள் ஃப்ளேருக்கான அடாப்டரும் சேர்ந்தே வரும். அதன் முதல் அழுத்திலேயே இந்தப் புடைப்பு வந்துவிடும். வெட்டிய பிசிறை அரத்தால் தேய்த்து, பைப்பை ஊதிச் சுத்தம் செய்த பிறகுதான் ஹோஸை ஏற்ற வேண்டும். கிளிப் புடைப்பின் மேல் உட்காரக் கூடாது, அதைத் தாண்டி இருக்க வேண்டும். பட்டையில் வரி வெட்டிய ஸ்க்ரூ கிளிப் ரப்பரை அறுக்கும். வழவழ பட்டை உள்ளது நல்லது. ஹோஸ் துண்டு குட்டையாகவும், சைலன்சருக்கும் பேன் பெல்ட்டுக்கும் எட்டாமலும் இருக்கட்டும். இவ்வளவும் செய்தால் இது முதல் வழிக்குப் பெரிதாகக் குறைந்ததல்ல.

மரை ஒத்துவராத இடத்தில் நடுவே பித்தளை அடாப்டர் போடுவது இதைவிட ஒரு படி கீழே. ஃப்ளேரில் 45 டிகிரியும் உண்டு, 37 டிகிரியும் உண்டு. இரண்டும் மாறினால் எவ்வளவு முடுக்கினாலும் கசியும். அளவு தெரிந்த ரெடிமேட் அடாப்டர் என்றால் சரி. கோணம் பார்க்காமல் லேத்தில் கடைந்து வாங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரி இயந்திரங்களுக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடைகளிலும் இந்த லைனைச் செய்துகொள்ளலாம். அங்கே மெஷினில் நசுக்கி ஏற்றும் முனைக்குக் கிளிப்பால் ஈடு கொடுக்க முடியாது. அழுத்தத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் சாதாரண ஆர்1, ஆர்2 ஹோஸுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. கணவாய் ஏற்றத்தில் கூலருக்கு வரும் ஆயில் அதைத் தாண்டக்கூடும். அதிகச் சூடு தாங்கும் ரகம் இருந்தால் மட்டும் போடச் சொல்லுங்கள்.

ரேடியேட்டரை விட்டுவிட்டுத் தனிக் கூலர் மாட்டினால் கூலண்டும் ஆயிலும் கலக்கும் பயமே இல்லை. நம் ஊர்க் குளிருக்கு ஆயில் சூடேறத் தாமதமாவதும் பெரிய குறையல்ல. ஆனால் வண்டி ஊரும்போது காற்று கிடைக்காது. பேன் இழுக்கும் இடத்தில் அதைப் பொருத்தியாக வேண்டும். இரண்டையும் வைப்பதாக இருந்தால் ஆயில் முதலில் ரேடியேட்டர், பிறகு தனிக் கூலர், அதன்பின் கியர்பாக்ஸ் என்று ஓடட்டும். மேனுவல் வண்டி ரேடியேட்டரை மாட்டிவிட்டு இரண்டு லைனையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடுவதை மட்டும் எந்த அவசரத்திலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆயில் ஆறவே ஆறாது.

எந்த வழி என்றாலும் பழைய லைனை முதலில் கழுவுங்கள். பழைய ரேடியேட்டரில் ஆயில் ரோஸ் மில்க் போல மாறியிருந்தால் கூலண்ட் ஏற்கெனவே கியர்பாக்ஸுக்குள் போய்விட்டது. கிளட்ச் தட்டின் பசையை அது கரைக்கும்; புது ரேடியேட்டர் மட்டும் போதாது. புதியதில் போர் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். ஃப்ளோரைடுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவர வேண்டியிருந்த மாவட்டங்கள் கிருஷ்ணகிரியும் தருமபுரியும்; அந்த உப்புத் தண்ணீர் உள்ளே படிந்தால் கூலர் வேலை செய்யாது. கலந்தே வரும் கூலண்ட் போதும்.

மாட்டி முடித்ததும் பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராக மாற்றிப் பார்த்து, இணைப்பைச் சுற்றி வெள்ளை டிஷ்யூ வைத்துத் துடைத்துப் பாருங்கள். சூடேறிய பிறகு மறுபடி பாருங்கள். கம்பெனி சொன்ன ரக ஏடிஎஃப்பை எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு ஊற்றி, தொப்பூர் ஒருமுறை ஏறி இறங்கி வந்து, அதே டிஷ்யூவை இன்னொரு தடவை வைத்துப் பாருங்கள்.