ஃபோல்ட்ஸ்கோப்பா, கூட்டு நுண்ணோக்கியா?

ஏழாவது படிக்கும் பிள்ளைக்குக் காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப், பள்ளி ஆய்வகங்களில் இருக்கும் கூட்டு நுண்ணோக்கி, இந்த இரண்டில் எதை வாங்குவது என்று குழம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உருப்பெருக்கம்: ஃபோல்ட்ஸ்கோப் சுமார் 140 மடங்கு.
கூட்டு நுண்ணோக்கியில் 40, 100, 400 என்று மாற்றிக்கொள்ளலாம்.

விலை: ஃபோல்ட்ஸ்கோப் பல மடங்கு மலிவு.

நீடித்து உழைப்பது: ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் காகிதத்தால் ஆனது, சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். கை தவறி விழுந்தாலும் பயமில்லை.
கூட்டு நுண்ணோக்கிக்கு ஈரம்தான் எதிரி. லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எளிமை: ஃபோல்ட்ஸ்கோப்பைக் கண்ணோடு ஒட்டி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, விரலால் மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும். கை பழகச் சில நாள் ஆகும்.
மற்றதில் திருகைத் திருப்பினால் போதும். நாலு பேர் மாறி மாறிப் பார்க்கலாம்.

குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு வையுங்கள். ஃபோல்ட்ஸ்கோப்பில் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி செருப்பு வடிவில் சர்ரென்று ஓடும். கூட்டு நுண்ணோக்கியின் 400 மடங்கில் அதன் உடலோரக் குற்றிழைகள் (முடி போன்ற நுண்ணிய இழைகள்) துடிப்பதே தெரியும். அந்த அழகுக்கு ஈடில்லை!

பிளஸ் ஒன் உயிரியல், பள்ளி ஆய்வகம் என்றால் கூட்டு நுண்ணோக்கி. தோட்டம், குளக்கரை என்று அலையும் பிள்ளைக்கு ஃபோல்ட்ஸ்கோப். ஏழாவதுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.