ஜெர்மனியில் ஊர்த்திட்டத்துக்குக் கருத்துச் சொல்லும் சேவை: ஐந்துக்கு நான்கு

ஜெர்மனியில் இருக்கிற நம்மவர்களில் பெரும்பாலானோர் இந்தச் சேவையைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நானும் பத்து வருடத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தேன். ஒரு வயலை வீட்டுமனைகளாக மாற்ற வேண்டுமென்றால் வழக்கமாக ஊர் நிர்வாகம் முதலில் அதற்கு ஒரு திட்டம் போட வேண்டும். பெபாவுங்ஸ்பிளான் என்று பெயர், பேச்சில் பே-பிளான். அதன் வரைவை ஒரு மாதம், எப்படியும் 30 நாளுக்குக் குறையாமல், எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டே ஆக வேண்டும், யார் வேண்டுமானாலும் படித்துவிட்டுக் கருத்து எழுதி அனுப்பலாம். கட்டணம் கிடையாது. குடியுரிமை கேட்க மாட்டார்கள். இங்கே ஓட்டுரிமை இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு ஊர் விஷயத்தில் வாய் திறக்க இதைவிட நேரடியான வழி கிடைப்பது அரிது.

எனக்கு இது தேவைப்பட்டது வீட்டுக்குப் பின்னால் இருந்த கோதுமை வயலால். அங்கே குடியிருப்பு வரப்போகிறது என்று எதிர்வீட்டு அம்மா சொன்னதும், எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்ற வேகத்தில்தான் உட்கார்ந்தேன். இணையதளத்தைத் திறந்தால் வரைபடம், விதிமுறைகள், காரண விளக்கம், சுற்றுச்சூழல் அறிக்கை, பறவைக் கணக்கெடுப்பு என்று ஐந்து கோப்புகள், எல்லாம் சேர்த்து இருநூறு பக்கத்துக்கு மேல். 2023 ஜூலையில் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து இணையத்தில் வெளியிடுவதுதான் முதன்மை வழி, ஆனாலும் நேரில் போய்ப் பார்க்க எங்கள் ஊர் அலுவலகத்திலும் வைத்திருந்தார்கள். போய்ப் பாருங்கள், பெரிய தாளில் பார்ப்பதே வேறு. வீடு வரும் இடம் வெளிர் சிவப்பு, சாலை மஞ்சள், கட்டடம் தாண்டக் கூடாத எல்லைக்கு நீலக் கோடு. ஒரு சின்னக் கட்டத்துக்குள் 0,4 என்று போட்டிருந்தது, மனையில் நூற்றுக்கு நாற்பது பங்கில்தான் கட்டடம் நிற்கலாம் என்று அர்த்தம். ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு எல்லை. அது இயற்கைக்காக ஒதுக்கிய நிலம் என்பதை அங்கிருந்த அலுவலர் விரல் வைத்துக் காட்டித்தான் தெரிந்துகொண்டேன், பொறுமையாகச் சொன்னார்.

பறவைக் கணக்கெடுப்பில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. அந்த வயலில் மூன்று ஜோடி வானம்பாடிகள் கூடு கட்டுவதாக எழுதியிருந்தார்கள். வானம்பாடி தரையில் கூடு வைக்கிற பறவை, அதன் இருப்பிடத்தைச் சும்மா அழிக்க இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் விடாது, பக்கத்திலேயே வேறு இடம் தயார் செய்துவிட்டுத்தான் மண்ணைத் தோண்ட முடியும். அதற்காக ஊருக்கு வடக்கே இன்னொரு வயலில் 'வானம்பாடி ஜன்னல்' வைப்பதாகத் திட்டம், அதாவது பயிருக்கு நடுவே சுமார் 20 சதுர மீட்டர் அளவில் விதைக்காமல் விட்ட திட்டுகள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே வயலின் ஓரமாக, கட்டுமானத்தால் ஏற்படும் இழப்புக்கு ஈடாக ஒரு நீண்ட மரவரிசையும் வரைந்திருந்தார்கள். உயரமான எதுவும் பக்கத்தில் இருந்தால் வானம்பாடி அண்டாது. மரத்தை ஒரு கோப்பிலும் பறவையை இன்னொரு கோப்பிலும் பார்த்தவர்கள் இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கவில்லை. இதை ஒன்றரைப் பக்கத்தில் எழுதினேன். கூடவே இன்னும் இரண்டு பக்கத்துக்கு, இந்த வயலில் வீடே எதற்கு, ஊருக்குள் பூட்டிக் கிடக்கும் வீடுகளை முதலில் பயன்படுத்துங்கள், பெரிய சாலை ஏற்கெனவே தாங்கவில்லை என்று மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினேன்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரு அட்டவணை. இடது பக்கம் நான் எழுதியது ஒரு வார்த்தை விடாமல், வலது பக்கம் நிர்வாகத்தின் பதில். வானம்பாடி விஷயத்துக்கு நேராக 'ஏற்கப்படுகிறது' என்று இருந்தது, மரவரிசை வேறொரு பாதையோரத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. அந்த வரியை நான் நாலைந்து தடவை படித்தேன். வீடே வேண்டாம் என்ற இரண்டு பக்கத்துக்கும் ஒரே வரி: 'கவனத்தில் கொள்ளப்பட்டது'. அந்த நிலம் ஊரின் பொது நிலப்பயன்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊர் முழுக்க எந்த நிலம் எதற்கு என்று குறிக்கும் திட்டத்தில், பல வருடம் முன்பே குடியிருப்பு என்று குறிக்கப்பட்டுவிட்டது, சாலை மாநிலத்துடையது, அந்தத் துறை ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. முடிந்தது.

முதலில் கோபம் வந்தது. பிறகு ஆற அமரப் படித்தபோதுதான், நான் தப்பான மாடியில் கதவைத் தட்டியிருக்கிறேன் என்று புரிந்தது. பே-பிளான் போடுவது ஊரின் உரிமை, அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு தரும் சுயாட்சியில் அதுவும் அடக்கம். எப்படிப் போட வேண்டும் என்று சொல்லும் கட்டடச் சட்டத்தொகுப்பு மத்திய அரசுடையது. கட்டடத்தின் தீப்பாதுகாப்பு, பக்கத்து மனைக்கு விட வேண்டிய இடைவெளி எல்லாம் மாநிலச் சட்டம், இந்தப் பாகப்பிரிவினை அரசியலமைப்பு நீதிமன்றம் 1954இல் கொடுத்த கருத்துரையிலிருந்து வருகிறது. ஊருக்கு மேலே பல ஊர்களைச் சேர்த்துப் போடும் மண்டலத் திட்டம், அதற்கும் மேலே மாநிலத் திட்டம். மேலே 'இலக்கு' என்று எழுதிவிட்டால் ஊர் அதற்கு ஏற்றபடிதான் போட முடியும். மேலே இருப்பவர்களும் கீழே உள்ள ஊர்களின் நிலைமையைக் கணக்கில் எடுத்துத்தான் எழுத வேண்டும், இதை எதிரோட்டக் கொள்கை என்கிறார்கள். மண்டலத் திட்டத்தை யார் போடுகிறார்கள் என்பதுகூட மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நீடர்சாக்சனில் பெரும்பாலும் மாவட்டங்களே போடுகின்றன, பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் அதற்கென்று மண்டலச் சங்கங்கள், அதிலும் ஷ்டுட்கார்ட் மண்டலத்தில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் சபையே இருக்கிறது. 2006 அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்குப் பிறகு நிலத்திட்டமிடலிலும் இயற்கைப் பாதுகாப்பிலும் மாநிலங்கள் மத்தியச் சட்டத்திலிருந்து விலகிச் சொந்த விதி போடவும் முடியும். அதனால் ஒரு மாநிலத்தில் கற்றுக்கொண்டதை அப்படியே அடுத்த மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இந்த அமைப்பின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாடு முழுக்கப் புதிதாகக் குடியிருப்புக்கும் சாலைக்கும் போகும் நிலத்தை ஒரு நாளைக்கு 30 ஹெக்டேருக்குள் கொண்டுவருவது என்று 2002இலேயே மத்திய அரசு சொன்னது, 2020க்குள் முடிப்பதாகப் பேச்சு. இப்போது கெடு 2030. இன்னமும் 50ஐ ஒட்டித்தான் நிற்கிறது. கணக்கு பெர்லினில் போடப்படுகிறது, வயலை மனையாக்கும் பேனா ஆயிரக்கணக்கான ஊர் மன்றங்களின் கையில் இருக்கிறது, எந்த ஊருக்கு எத்தனை ஹெக்டேர் என்று கட்டாயமாகப் பிரித்துக் கொடுத்தவர் யாரும் இல்லை. காற்றாலை விஷயத்தில் மட்டும் அப்படிப் பிரித்துக் கொடுத்தார்கள்: நாட்டின் 2 சதவீத நிலம் 2032க்குள், அதற்காக அந்தந்த மாநில நிலத்தில் பிராண்டன்பர்க்குக்கு 2.2 சதவீதம், பவேரியாவுக்கு 1.8, பெர்லின் போன்ற நகர மாநிலங்களுக்கு 0.5 என்று சட்டத்திலேயே எழுதியாயிற்று. அதன் பிறகு வேலை நகர்கிறது. வயலுக்கும் இப்படி ஒன்று வந்தால் என்ன என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கமாக இருக்கிறது.

எதிர்மாறான உதாரணமும் உண்டு. ஊர் ஓரத்தில் சின்னக் குடியிருப்புகளைச் சுற்றுச்சூழல் ஆய்வே இல்லாமல் அனுமதிக்க 2017இல் கட்டடச் சட்டத்தொகுப்பில் 13பி என்று ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள். கைபெர்க் என்ற ஊரின் திட்டத்தை எதிர்த்து ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது, 2023 ஜூலை 18 அன்று மத்திய நிர்வாக நீதிமன்றம் அந்தப் பிரிவு ஐரோப்பியச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. ஒரே ஒரு ஊரின் மனைத்திட்டத்திலிருந்து கிளம்பி நாடு முழுக்க ஒரு பிரிவையே செயலிழக்க வைத்த வழக்கு.

குறைகளுக்கு வருகிறேன். அறிவிப்பு ஊர் இதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வருகிறது, கண்ணில் படாவிட்டால் அந்த ஒரு மாதம் போயே போயிற்று. எங்கள் ஊரில் சுற்றுச்சூழல் அறிக்கையை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தார்கள், ஒரு சொல்லைத் தேடக்கூட முடியாது. மொழி கடினம், ஜெர்மனில் வேலை பார்க்கிற எனக்கே அகராதி தேவைப்பட்டது. பதில் வரும் வரை இடையில் ஒரு தகவலும் இல்லை. ஒரு நட்சத்திரம் குறைத்தது இதற்காகத்தான்.

பயன்படுத்தப் போகிறவர்களுக்கு: பெரும்பாலான திட்டங்களில் இறுதி வரைவுக்கு முன்பே ஒரு தொடக்கச் சுற்று உண்டு, எழுத வேண்டிய சரியான நேரம் அதுதான், அப்போது கோடுகள் இன்னும் காயவில்லை. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று எழுதாதீர்கள், எந்தப் பக்கம், எந்த எண், எது எதோடு முரண்படுகிறது என்று எழுதுங்கள். வீடே வேண்டாம் என்பதுதான் உங்கள் வாதம் என்றால் அதைப் பொது நிலப்பயன்பாட்டுத் திட்டத்திலோ மண்டலத் திட்டத்திலோ போய்ச் சொல்லுங்கள். திட்டம் சட்டமான பிறகு பெரும்பாலான பிழைகளைச் சுட்டிக்காட்ட ஒரு வருடம்தான், அதற்குப் பிறகு பிழை இருந்தாலும் செல்லுபடியாகிவிடும்.

எங்கள் மண்டலத் திட்டத்தைத் திருத்தப் போவதாக இப்போது அறிவித்திருக்கிறார்கள். ஊருக்குக் கிழக்கே இருக்கிற பசுமைப் பட்டையை அதில் 'இலக்கு' என்று எழுதுகிறார்களா, வெறும் 'கொள்கை' என்று எழுதுகிறார்களா என்பதுதான் நான் முதலில் பார்க்கப் போவது. இலக்கு என்றால் ஊர் மன்றம் தொட முடியாது, கொள்கை என்றால் மற்ற காரணங்களோடு சீர்தூக்கி ஒதுக்கிவிட முடியும். எதிர்வீட்டு அம்மாவும் இந்த முறை கூட உட்கார்ந்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.