கிட்டார் சோலோ: கேள்வி ஞானமா, இசை இலக்கணமா?

கும்பகோணம் பக்கம் கிட்டார் பழகும் பிள்ளைகள் பலர் பாட்டைக் கேட்டுக் கேட்டே சோலோ, அதாவது பின்னணிக்கு மேல் தனித்து ஒலிக்கும் மெட்டு, வாசிக்கப் பழகுகிறார்கள். நாகசுரம் செழித்த மண்ணில் காதை நம்புவது இயல்புதான், அதில் வரும் குழைவு எந்த ஏட்டிலும் கிடைக்காது. ஒரே கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டின்) மேல் வாசிக்க அதுவே போதும்.

ஆனால் ஏ மைனர் பென்டடானிக்கில், அதாவது நம் சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்களில், வாசித்துக்கொண்டிருப்பவர், பின்னணி ஈ மேஜர் கார்டுக்கு மாறும்போது ஜி சுரத்தில் நீண்டு நின்றால், கார்டிலுள்ள, அதைவிட அரைச்சுரம் உயர்ந்த ஜி ஷார்ப்புடன் அது உரசும். உரசுவதைக் காது உடனே சொல்லிவிடும். ஒரு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் ஒரு கட்டம்) மேலே போனால் தீரும் என்பதை, கார்டின் அமைப்பை அறிந்தவரே முன்கூட்டி உணர்வார். கார்டுகள் மாறும் பாட்டுக்கு அந்த அளவு இலக்கணம் கட்டாயம் வேண்டும் என்பேன். ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையில் மட்டும் அந்த உரசலே அழகு.