ஸ்கிரிப்ட் சொன்னது யார் கண்ணில் பட்டது? கியூஜிஐஎஸ், ஆர்க்பை, கிராஸ்: ஓர் ஒப்பீடு

குப்பத்தில் இருந்துகொண்டு ஏரி மேப் போடுகிறவர்களுக்கு 78 டிகிரி தீர்க்கக்கோடு ஓயாத தொல்லை. பூமியைத் தெற்கு-வடக்கான பட்டைகளாக (மண்டலங்களாக) பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யுடிஎம் முறையில் அங்கேதான் மண்டலம் மாறுகிறது. ஓசூர் அதற்கு மேற்கே, 43-வது மண்டலம். குப்பம் கிழக்கே, 44. ஓசூர்ப் பக்கம் இருப்பவர்கள் நம் ஏரிகளையும் 43-லேயே வரைந்து அனுப்பிவிடுவார்கள். அதை முறையாக ரீபுரொஜெக்ட் செய்யாமல் (எண்களைப் புது மண்டலத்துக்கு மாற்றிக் கணக்கிடாமல்), லேயரின் சிஆர்எஸ்ஸை, அதாவது எந்த மண்டலத்து எண்கள் என்ற குறிப்பை, மட்டும் 44 என்று மாற்றிவிட்டால் ஏரி சுமார் 650 கிலோமீட்டர் கிழக்கே, சென்னையையும் தாண்டி, வங்கக் கடலில் போய் விழும்.

எங்களுக்கு நடந்தது அதுதான். பரப்பளவு சரியாகவே வந்தது, வடிவம் மாறவில்லையே. ஊர் எல்லையோடு சேர்க்கும்போதுதான் 12 ஏரிகளுக்கு ஊர்ப் பெயர் காலி. இந்த வேலைக்கு நான் பைத்தானில் எழுதிய ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) அதைச் சொல்லாமலும் இல்லை. ‘12 ஏரிகளுக்கு ஊர் கிடைக்கவில்லை’ என்று பிரிண்ட் போட்டிருந்தேன். ஸ்கிரிப்டை ஓட்டிய தங்கச்சி, அந்தச் செய்தி வரும் பைத்தான் கன்சோலைத் திறக்கவில்லை. அவள் ஏன் திறக்க வேண்டும்? “அண்ணா, முடிஞ்சிருச்சு, எரர் எதுவும் வரல” என்றாள். அட்டவணை காலிக் கட்டங்களோடு அச்சுக்குப் போய்விட்டது. அப்புறம்தான், ஸ்கிரிப்ட் சொல்வதை ஓட்டுகிறவர் கண்ணில் படவைக்க எது நல்ல வழி என்று அறிய, இதே வேலையை மூன்று மேப் மென்பொருளிலும் எழுதிப் பார்த்தேன்: கியூஜிஐஎஸ், ஆர்க்ஜிஐஎஸ்ஸின் பைத்தான் நூலகமான ஆர்க்பை, கிராஸ்.

முதலில் பிரிண்ட். சோதித்துப் பார்க்கும்போது எழுதியவருக்கு வசதி, அவ்வளவுதான். கியூஜிஐஎஸ் பிராசஸிங் அல்காரிதத்துக்குள் (கருவிப்பெட்டியிலிருந்து ஓட்டும் ஸ்கிரிப்டுக்குள்) அதைப் போடவே கூடாது. அவை பின்னணித் திரெட்டில், அதாவது திரைக்குப் பின்னால் தனி ஓட்டமாக, ஓடக்கூடியவை. அங்கே பிரிண்ட் பாதுகாப்பில்லை, வேகத்தையும் வெகுவாகக் குறைக்கும் என்று கியூஜிஐஎஸ் கையேடே எச்சரிக்கிறது.

கியூஜிஐஎஸ்ஸில் மூன்று வழி உண்டு. மேப்புக்கு மேலே பட்டையாக வரும் மெசேஜ் பார் உடனே கண்ணில் படும், சில விநாடியில் மறைந்தும் போகலாம். ‘சேமித்தாயிற்று’ போன்ற ஒரு வரிக்கு அது போதும். மெசேஜ் லாக் பேனல், தலைப்புவாரியாகத் தனித்தனி டேபில் சேர்த்து வைக்கும். நாலு நாள் கழித்து நானே தோண்டிப் பார்க்க அது உதவும், ஓட்டுகிறவர் அந்தப் பக்கம் போகமாட்டார். மூன்றாவது, பிராசஸிங்கின் ஃபீட்பேக். அதில் தகவலுக்கு புஷ்இன்ஃபோ, எச்சரிக்கைக்கு புஷ்வார்னிங், பிழைக்கு ரிப்போர்ட்எரர். ஓட்டுகிறவர் பார்த்துக்கொண்டிருக்கும் அதே பெட்டியில் செய்தி விழும், பிழை சிவப்பில் வரும். அதே ஸ்கிரிப்டை மாடலுக்குள் (பல கருவிகளைக் கோத்த தொடருக்குள்) வைத்தாலும், கியூஜிஐஎஸ் பிராசஸ் என்ற கட்டளை மூலம் கமாண்ட் லைனில் ஓட்டினாலும் செய்தி கூடவே வரும். புஷ்வார்னிங் 3.16.2 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தையதை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

ஆர்க்பை கற்றுக்கொள்ள எளிது. ஆட்மெசேஜ், ஆட்வார்னிங், ஆட்எரர் மூன்றும் 0, 1, 2 என்ற தீவிர எண்களோடு போகும். கெட்மெசேஜஸுக்கு 2 என்று கொடுத்தால் பிழைகளை மட்டும் பிரித்துத் தரும். ஒரே ராத்திரியில் 40 ஃபைல் ஓட்டுகிறவருக்கு இது பெரிய உபகாரம். ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆட்எரர் போட்டதும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்காது. டூல் தோல்வி என்று பதிவாகும், அடுத்த வரியோ ஓடிக்கொண்டே இருக்கும், தவறான அட்டவணையையும் எழுதி முடிக்கும். நிறுத்த வேண்டுமானால் எக்ஸிக்யூட்எரர் என்ற விதிவிலக்கை நாமே ரெய்ஸ் செய்ய (எழுப்ப) வேண்டும். கியூஜிஐஎஸ்ஸின் ரிப்போர்ட்எரரும் இதே கதைதான். அங்கே நிறுத்துவது பிராசஸிங் எக்ஸெப்ஷன்.

இந்த ஒரு விஷயத்தில் கிராஸ் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. எரர் என்றால் பிழையைச் சொல்லிவிட்டுத் தொடரும், ஃபேட்டல் என்றால் சொல்லிவிட்டு வேலையை முறிக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருப்பதால் எழுதும்போதே ‘இது எந்த ரகம்?’ என்று யோசித்தாக வேண்டியிருக்கிறது. செய்திகள் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரர் என்ற தனித் தடம் வழியே போவதால், விடையை ஃபைலுக்குத் திருப்பினால் அதில் குப்பை கலக்காது. ஆனால் கமாண்ட் லைன் பழகாத பிள்ளைகளிடம் இதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் அலுவலகத்துக்கு கியூஜிஐஎஸ் ஃபீட்பேக்கைத்தான் தேர்ந்தெடுத்தேன். கிராஸ் கற்றுத்தந்த பிரிவினையை அதற்குள் கொண்டுவந்தேன். குப்பம் மூன்று மாநிலங்கள் கூடும் இடம், ஓரிரு ஏரிகள் நிஜமாகவே கர்நாடகத்திலோ தமிழ்நாட்டிலோ இருக்கலாம். அவற்றுக்கு ஊர் கிடைக்காதது எச்சரிக்கை மட்டுமே: ஏரி எண்ணைச் சொல்லிவிட்டு வேலை தொடரும். லேயரே குப்பம் பகுதிக்கு வெளியே விழுந்தால் அது பிழை, உடனே நிறுத்தம்.

வாசகத்தையும் மாற்றினேன். முதலில் ‘சிஆர்எஸ் தவறு’ என்று மட்டும் எழுதியிருந்தேன். அதைப் படிப்பவர் என்ன செய்வார்? இப்போது வருவது இது: “ஏரி லேயரின் கிழக்கு அளவு 8,62,000. குப்பத்துக்கு 2,11,000-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஃபைல் 43-வது மண்டலத்தில் வரையப்பட்டிருக்கலாம். 44-க்கு ரீபுரொஜெக்ட் செய்து மறுபடி ஓட்டவும். அட்டவணை எழுதப்படவில்லை.”

கடைசி வாக்கியம் தங்கச்சி கேட்டுச் சேர்த்தது. பழைய அட்டவணையைப் புதியது என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்றாள்.