இருக்கிற தலையை வெட்டுவதா, புது நெக் வாங்குவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்குத் தெரிந்து எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருக்கும் பையன்களில் பாதிப் பேரிடம் இருப்பது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலின் நகல்தான். கல்யாண மேடையில் இரண்டு பேர் பக்கத்தில் நின்றால் எது யாருடையது என்று அவர்களுக்கே குழம்பும். அந்த எரிச்சலில்தான் நானும் சித்தப்பா மகனும் ஹெட்ஸ்டாக், அதாவது கம்பியை முறுக்கும் தலைப்பக்கத்தின் வடிவத்தை மாற்ற இறங்கினோம். நான் இருந்த தலையையே வெட்டினேன். அவன் பேடில் நெக் வாங்கினான். நெக் என்றால் தலையோடு சேர்ந்த, விரல் வைத்து வாசிக்கும் நீளக் கழுத்து. தலைப்பக்கம் வடிவம் எடுக்காமல், துடுப்பு மாதிரி அகலமாக விட்டு விற்பார்களே, அது.

காசுக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வில் ரம்பம், இரண்டு அரம், உப்புத்தாள், ஒரு டின் லெக்கர் பூச்சு எல்லாம் சேர்த்து எனக்கு 60 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது. அவனுக்கு நெக் மட்டும் 240 வெள்ளி, கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனர் தனி. வடிவத்தில் அவனுக்குத்தான் சுதந்திரம் அதிகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் கையில் இருப்பது மலிவான நகல் என்றால் வெட்டுங்கள் என்றுதான் சொல்வேன். எல்லாம் டியூனர் துளையில் இருக்கிறது.

என் தலையில் ஆறு துளையும் தொழிற்சாலையில் போட்டவை. கம்பி நட்டை, அதாவது கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் இருக்கும் பள்ளம் வெட்டிய சின்னக் கட்டையைத் தாண்டி நேர்கோட்டில் போய் டியூனரில் சுற்றும். நான் எத்தனை வெட்டினாலும் அந்தக் கோடு மாறாது. சித்தப்பா மகன் வாங்கிய பேடிலில் துளையே இல்லை. காளைக் கொம்பு மாதிரி விரிந்த வடிவம் வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு மூன்றாகப் போட்டான். பார்க்க அட்டகாசமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கம்பி மாட்டியதும் தொல்லை ஆரம்பித்தது. நடுவில் இருக்கும் மூன்றாவது, நான்காவது கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் ஒடிந்து திரும்பின. கம்பியை வளைத்து வாசித்துவிட்டு விட்டால், அது நட்டின் பள்ளத்தில் சிக்கி, பழைய இடத்துக்கு வருவதில்லை. ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி போய்விடும். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பார்த்தான். கொஞ்சம் குறைந்தது, தீரவில்லை.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1952-ல் வந்த கிப்சன் லெஸ் பாலில் மூன்றுக்கு மூன்று, தலை பின்னால் 17 பாகை சாய்ந்திருக்கும். அதன் மூன்றாவது கம்பி சுருதி நிற்காமல் படுத்தும் பாடு வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். கிட்டார் செய்கிற பால் பிக்ஸ்பி 1948-ல் மெர்ல் டிராவிஸ் என்ற கிட்டார் கலைஞருக்குச் செய்த கிட்டாரில் ஆறும் ஒரே பக்கம். லியோ ஃபெண்டரின் 1954 ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் அப்படித்தான். மூன்றுக்கு மூன்று போட்டால் கெட்டுத்தான் போகும் என்றும் சொல்ல மாட்டேன். பால் ரீட் ஸ்மித் கிட்டார்களில் தலையை ஒடுக்கி, கம்பி ஏறக்குறைய நேராகவே போகும்படி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும். கம்பி டியூனர் தண்டின் நடுவில் போவதில்லை, ஓரத்தில் சுற்றுகிறது. தண்டு 6 மில்லிமீட்டர் தடிமன் என்றால் துளையின் மையம் கம்பிக் கோட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சித்தப்பா மகன் மையத்துக்கே கோடு இழுத்தான்.

வெட்டுகிற வழியிலும் வரம்பு உண்டு. டியூனர் இருக்கும் மேல் விளிம்பைத் தொடாதீர்கள். குறைத்தால் டியூனரின் உடம்பு வெளியே எட்டிப் பார்க்கும், மரம் ஒட்டிக் கூட்டினால் சாவியைத் திருப்ப விரல் நுழையாது. விளையாட இடம் கீழ் விளிம்பும் நுனியும்தான். மைலோ பெட்டி அட்டையில் வடிவம் வெட்டி, பின்வீட்டு நாற்காலிப் பட்டறையில் கிடைத்த பால்மரத் (ரப்பர் மரம்) துண்டில் இரண்டு முறை பழகினேன். அப்புறம்தான் நெக்கில் கை வைத்தேன். வெட்டும் கோட்டின் மேல் டேப் ஒட்டாவிட்டால் பழைய பூச்சு சில்லு சில்லாகப் பெயரும். தோட்டத்தில் தச்சு வேலை பார்த்த பெரிய மாமா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, வெட்டுனது பெருசில்ல. வெட்டுவாய மூடுடா, மழைக்காலம்" என்றார். வெட்டிய வாயில் மரத்தின் நரம்பு திறந்திருக்கும், ஈரத்தை உறிஞ்சும். நாலு மணி மழை தவறாத ஊரில் அதை அப்படியே விட முடியாது. மெல்லிசாக ஐந்து பூச்சு அடித்தேன். ஒவ்வொன்றும் காய ஒரு முழு நாள் பிடித்தது.

பேடிலுக்கு ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. பழைய நெக் பத்திரமாக இருக்கும், நாலு ஸ்குரூ கழற்றினால் கிட்டார் பழையபடி. விற்கும்போது அதுதான் பேசும். உங்களிடம் இருப்பது அசல் ஃபெண்டர் என்றால் ரம்பத்தைத் தூக்காதீர்கள், பேடிலே வாங்குங்கள். வாங்குமுன் உடம்பில் நெக் உட்காரும் குழியை அளந்துவிடுங்கள். ஃபெண்டர் அளவு 56 மில்லிமீட்டர், நகல்களில் அது கூடும், குறையும். என் கிட்டாரை விற்றாலும் 200 வெள்ளி தேறாது, அதனால் எனக்கு அந்தக் கவலை இல்லை.

சரி, என் அனுபவம் இந்த இரண்டு நெக்கோடு சரி. நட்டிலேயே கம்பியை இறுக்கிப் பூட்டும் ஃபிளாய்ட் ரோஸ் வகைக் கிட்டாரை நான் வைத்திருந்ததில்லை. அதில் நட்டுக்கு அப்பால் கம்பி எப்படி வளைந்தாலும் சுருதிக்கு ஒன்றும் ஆகாது, என் துளை வாதம் அங்கே செல்லாது.

சித்தப்பா மகன் போன வாரம் வந்து என் அட்டை வடிவத்தைக் கேட்டான். பழைய துளைகளைப் பால்மரக் குச்சியால் அடைத்துவிட்டு, ஆறையும் ஒரே பக்கம் போடப் போகிறானாம். அட்டையை அவன் நெக் மேல் வைத்துப் பார்த்தோம். கொம்புக்கு நடுவே வெட்டி எடுத்த இடத்தில்தான் கடைசி இரண்டு துளையும் விழுகின்றன.