ஏர் ஃப்ரையர்ல கேரட், பீட்ரூட், கிழங்கு: ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

சூடு காத்த சுழல விட்டு வறுக்கற ஏர் ஃப்ரையர், நாலு லிட்டர்ல ஒண்ணு வாங்கி ஆறு மாசம் ஆச்சு. சிப்ஸ் போடறதுக்காக வாங்கலங்க. வேலை முடிஞ்சு வந்து அடுப்புகிட்ட நின்னு கிளறிட்டே இருக்க தெம்பு இல்ல, ஆனா தட்டுல தினம் ஒரு காய் இருக்கணும், அதுக்குத்தான். அதனால மண்ணுக்கடியில விளையற காய்ங்களுக்கு இது எப்படின்னு மட்டும் சொல்றேன்.

கேரட்டுக்காகவே இத வாங்கலாம். விரல் தடிமன்ல நீளவாக்குல வெட்டி, துணியில ஈரம் ஒத்தி எடுத்துட்டு, கால் கிலோவுக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் மிளகுத்தூள், 180 டிகிரி, 18 நிமிஷம், நடுவுல ஒரு தடவ கூடைய உருவி குலுக்கி விட்டா போதும், உப்பு கடைசில, முன்னாடியே போட்டா தண்ணி விட்டுக்கும். ஓரமெல்லாம் லேசா சுருங்கி பழுப்பாகி, உள்ள கடிச்சா மெத்துன்னு, இனிப்பு நல்லா தூக்கலா இருக்கும். எண்ணெயே வேணாம்னு விளம்பரத்துல சொல்றாங்க, அத கேக்காதீங்க. எண்ணெய் விடாம போட்டா தோல் மாதிரி வறண்டு போகுது, அதுவும் போக கேரட்ல இருக்கற பீட்டா கரோட்டின்ங்கற சத்து கொழுப்புல கரையறது, ஒரு ஸ்பூன் எண்ணெய் இருந்தாத்தான் உடம்புல நல்லா சேரும்.

பீட்ரூட்ட துண்டு போட்டு வச்சப்போ மேல காஞ்சுபோச்சு, உள்ள வேகவே இல்ல. இப்போ முழுசா ஃபாயில்ல சுத்தி 200 டிகிரில வச்சுடறேன், நடுத்தர சைஸ்னா முக்கால் மணி நேரம் ஆகும், ஆனா பக்கத்துல நிக்க வேண்டியதில்ல. கொஞ்சம் ஆறினதும் கட்டைவிரலால தள்ளினா தோல் அப்படியே வழண்டு வந்துடும், பீலரே வேணாம். தண்ணில வேகவச்சா சிவப்பெல்லாம் தண்ணிக்கே போயிடும்ல, இதுல கலர் காய்லயே நிக்குது.

சர்க்கரைவள்ளிக்கு அவசரப்படக்கூடாது, மெதுவா சூடேறும்போதுதான் அதுல இருக்கற ஸ்டார்ச் மால்ட்டோஸ்ங்கற சர்க்கரையா மாறும், அதனால முதல்ல 160ல கால் மணி நேரம், அப்புறம் 200ல ஒரு ஏழு நிமிஷம். முள்ளங்கி பிடிக்காதவங்க கட்டாயம் ஒரு தடவ பண்ணிப் பாருங்க, சூட்டுல அந்த காரநெடி மொத்தமா அடங்கிடுது.

உருளை சூப்பரா வரும், சந்தேகமே இல்ல, வெட்டி அரை மணி நேரம் தண்ணில போட்டு நல்லா துடைச்சுட்டு வைங்க, பொன்னிறத்துலயே எடுத்துடுங்க, கருகக் கருக அக்ரிலமைடுங்கற கெடுதலான ரசாயனம் கூடும். ஆனா உருளையையே காய் கணக்குல சேர்த்துக்காதீங்க. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி பழம் சாப்பிட சொல்லுது, அந்த 400ல உருளையும் சர்க்கரைவள்ளியும் வராது. அதனால நான் ஒரு பங்கு உருளைன்னா ரெண்டு பங்கு கேரட், முள்ளங்கின்னு கலந்துதான் வைக்கறேன்.

இனி குறை. டப்பா மேல நாலு பேருக்குன்னு போட்டிருந்தாங்க, நாலு பேருக்கான காய போட்டா கூடை நிரம்பி சூடு காத்து போக வழியில்லாம காய் ஆவியிலயே வெந்து தொளதொளன்னு ஆகுது, வறுபடவே இல்ல. ஒரே அடுக்கா பரப்பினாத்தான் சரியா வருது, அப்படி பரப்பினா ரெண்டு பேருக்குத்தான் காணும். அடுத்தது கூடையோட கோட்டிங். ஸ்பாஞ்சுலதான் தேய்ச்சேன், ஸ்க்ரப்பர் தொட்டதே இல்ல, நாலாவது மாசமே மூலையில உரிய ஆரம்பிச்சுடுச்சு, சர்வீஸ்ல கேட்டா கூடைக்கு வாரண்டி கிடையாதுன்னுட்டாங்க, ரொம்ப வருத்தமா இருந்துச்சு, சாப்பிடற பொருள் படற இடம் இல்லையா. தனியா வேற கூடை வாங்கித்தான் இப்போ ஓட்டறேன்.

வாங்கறதுக்கு முன்னாடி கூடைக்கு வாரண்டி உண்டான்னு கேட்டுக்குங்க. ரெண்டு பேர்னா நாலு லிட்டர் போதும், வீட்ல நாலு பேர்னா ஆறு லிட்டருக்கு கீழ வேண்டாம், அதுலயும் ஆழமான கூடைய விட அகலமான கூடையா பாத்து எடுங்க.