ஒரு வினைத்தொடருக்கு இரண்டு மணி நேரம்: காப்பார் ஆங்கில வகுப்பு

மலேசியாவில் கிள்ளானை அடுத்துள்ள காப்பார் என்னும் ஊரில் ஒரு கடைவீட்டின் மாடியில் சனிக்கிழமை மாலைகளில் நடைபெறும் ஆங்கில வகுப்பில், ஐந்தாம் படிவத்தில் பயிலும் என் மகளைச் சேர்த்து மூன்று மாதங்கள் ஆகின்றன. பெற்றோரும் பின்வரிசையில் அமரலாம் என்பதால் சென்ற வாரம் நானும் அமர்ந்திருந்தேன். அன்றைய இரண்டு மணி நேரமும் ‘ஸ்டாண்ட் அப் டு’ என்னும் ஒரே வினைத்தொடருக்குச் செலவாயிற்று.

அச்சிட்டுக் கொடுத்த தாளில் அதற்கு நேரே ‘மெலாவான்’, அதாவது எதிர்த்தல், என்ற மலாய்ச் சொல் மட்டுமே இருந்தது. அதை நம்பும் பிள்ளைகள், நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவை எதிர்ப்பதற்கும் இத்தொடரையே எழுதிவிடுவார்கள். ஆசிரியை தாளை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் நம்மைவிட வலியவராக இருந்தும் நாம் பணியாமல் நிற்கும்போதுதான் இது பொருந்தும் என்றார். எடுத்துக்காட்டுக்கு அவர் தொலைவில் செல்லவில்லை. 1941இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தையும் ஒழிக்கக் கோரியதைச் சொல்லி, ‘தெ வொர்க்கர்ஸ் ஸ்டூட் அப் டு தெ மேனேஜர்ஸ்’ என்று பலகையில் எழுதினார். மிதிவண்டியில் உட்கார்ந்தபடியே எப்படி நின்றார்கள் என்று ஒரு மாணவன் கேட்க, வகுப்பே சிரித்தது. பொருளும் அப்போதுதான் பலருக்குப் பதிந்தது.

பொருள்களைப் பற்றிப் பேசும்போது எதிர்ப்பு மறைந்து, தாக்குப்பிடித்தல் என்றாகிறது. செம்பனைத் தோட்டத்துச் சேற்றையும் மழையையும் தாங்கும் பூட்ஸுக்கும், குறுக்கு விசாரணைக்கு ஈடுகொடுக்கும் சாட்சியத்துக்கும் இதுவே தொடர். பூட்ஸைப் பொறுத்தவரை மலாயில் ‘தாஹான்’ என்போமே, அதுதான். கடைசிச் சொல்லை ‘ஃபார்’ என்று மாற்றினால் எதிர்ப்பது போய் ஆதரிப்பதாகிவிடும். ‘டு’வை விட்டுவிட்டு ஆளை நடுவில் வைத்தால், வருவதாகச் சொல்லி ஒருவரைக் காக்க வைத்து ஏமாற்றியதாகப் பொருள்.

குறை இல்லாமல் இல்லை. விளக்கத்துக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கியவர், சொந்தமாக எழுத மூன்றே வாக்கியங்கள் கொடுத்தார். அவற்றையும் திருத்தித் தரவில்லை. மலாய்ச் சொல்லை மட்டும் தரும் அந்த அச்சுத் தாளை அடுத்த அச்சிலாவது மாற்ற வேண்டும். மாதம் 70 ரிங்கிட் கட்டணம் எனக்கு மிகையாகத் தோன்றவில்லை, ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு வரை மகளை இங்கேயே அனுப்புவதாக இருக்கிறேன்.